புதிய சாலை மிதிவண்டியும் நம் உடலும்: வலியின்றி ஓட்டப் பழகுதல்

சேலையூரிலிருந்து ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தம் மனைவியுடன் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்று முன்பொரு முறை அவர் கூறியபோது, "சைக்கிள் ஓட்டவும்" என்று மருந்துச் சீட்டின் அடியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களே. அவரும் அதனை மதித்து, வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட சாலை மிதிவண்டி ஒன்றை வாங்கினார். மூன்றாம் வாரத்தில் இரு கைகளிலும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகத் தொடங்கின.

சர்க்கரை நோய் நரம்பைத் தாக்கிவிட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டார். வண்டி மாடிப்படியின் கீழே போய் நின்றது. மருந்துக் கடையில் தாமாகவே சத்து மாத்திரை வாங்கி உட்கொண்டார். எங்களிடம் ஒன்றும் கூறவில்லை. மூன்று மாதம் கழித்து வழக்கமான பரிசோதனைக்கு வந்தபோது விரல் மரப்பு நீங்கியிருந்தது. ஆனால் சர்க்கரை அளவு ஏறியிருந்தது. காரணத்தைத் தேடியபோது அவர் மனைவிதான் பேசினார்: "இவர் ஓட்டுறதப் பாருங்க டாக்டர், தண்டால் எடுக்கற மாதிரி ரெண்டு கையையும் ஊன்றிக்கிட்டே போவார்." கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த காணொளியையும் காட்டினார். நோய் நரம்பில் இல்லை, வண்டியின் பொருத்தத்தில்தான் குறை என்பது அந்த அரை நிமிடக் காட்சியிலேயே விளங்கிற்று.

அவர்களது இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி இதனை எழுதுகிறோம். மருந்தை எழுதும்போது அளவையும் வேளையையும் எழுதுகிறோம். மிதிவண்டியைப் பரிந்துரைத்தபோது அவ்வாறு செய்யவில்லை. அந்தக் குறையை நிரப்புவதே இப்பாடத்தின் நோக்கம்.

பழைய பழக்கமும் புதிய வண்டியும்

நம்மில் பெரும்பாலோர் வாடகை சைக்கிளிலோ, தந்தையாரின் பெரிய சைக்கிளிலோ, பள்ளியில் அரசு வழங்கிய மிதிவண்டியிலோ ஓட்டக் கற்றவர்கள். அவ்வண்டிகளில் முதுகை நிமிர்த்தி அமர்கிறோம். உடலின் எடை பெரும்பாலும் சீட்டின் மீதே இறங்குகிறது. சாலை மிதிவண்டியில் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. எடை, சீட்டு, பெடல், ஹேண்டில்பார் ஆகிய மூன்றிடத்தும் பகிரப்படுகிறது. இந்தப் பகிர்வு சரியாக அமைந்தால் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் உடல் வருந்தாது. ஓரிடத்தில் பங்கு கூடினால் அவ்விடத்தில் வலியோ மரப்போ தோன்றும்.

மற்றொரு பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சீட்டில் அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைப்பது நம் வழக்கம். விழுந்துவிடுவோமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆனால் சீட்டு அவ்வளவு தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும்; முழங்கால் சில்லின் பின்புறத்தில் அழுத்தம் கூடும். நிமிடத்திற்கு எழுபது சுற்று மிதித்தால் அரை மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 2,100 முறை மடங்கி நீள்கிறது. ஒரு முறை பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு பிழை, இரண்டாயிரம் முறை நிகழ்ந்தால் நோயாகிறது.

தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

மாரடைப்பு வந்தவர், பைபாஸ் அல்லது ஸ்டென்ட் சிகிச்சை பெற்றவர், நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ மூச்சிரைப்போ உணர்பவர், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர், வலிப்பு அல்லது தலைசுற்றல் உள்ளவர், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர், பாதத்தில் புண் உள்ளவர் ஆகியோர் முதலில் தம் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு வீழ்ச்சியும் பெரிய இரத்தக் கசிவாக மாறக்கூடும். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இவர்களில் பலருக்கு, வீட்டில் நிலையாக நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளே நல்ல தொடக்கமாக அமையும். கீழே கூறும் சீட்டு அளவுகள் அதற்கும் பொருந்தும்.

வண்டியை உடலுக்குப் பொருத்தும் ஐந்து படிகள்

உடலை வண்டிக்கேற்ப வளைக்கக் கூடாது. வண்டியையே உடலுக்கேற்ப மாற்ற வேண்டும். இதற்கு ஓர் ஆலன் கீ, அளவு நாடா, சிறு துண்டு ஒட்டு நாடா, உதவிக்கு ஒருவர் ஆகியவை போதும்.

முதற்படி, சட்டத்தின் அளவு. இதனைக் கடையிலேயே பார்க்க வேண்டும். மேற்குழாய் கிடைமட்டமாக உள்ள வண்டியில், அதன் மேல் இருபுறமும் கால் வைத்து நின்றால் குழாய்க்கும் உடலுக்கும் இடையே இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் நலம். சட்டம் பெரிதாக அமைந்துவிட்டால் பின்னர் எதைத் திருகியும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது. தள்ளுபடியில் கிடைக்கிறது என்பதற்காக அளவு பொருந்தாத வண்டியை வாங்க வேண்டாம்.

இரண்டாம் படி, சீட்டின் உயரம். சுவரோடு ஒட்டி, வெறுங்காலுடன் நின்று, ஒரு புத்தகத்தைக் கால்களுக்கிடையே சீட்டைப் போல மேலே அழுந்தப் பிடித்துக்கொள்க. புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் உட்கால் நீளம் கிடைக்கும். அதனை 0.883 ஆல் பெருக்குக. உட்கால் நீளம் 78 சென்டிமீட்டர் எனில் விடை ஏறத்தாழ 69. கிராங்க் சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை, சீட்டுக் குழாயின் வழியே இந்த அளவு இருக்க வேண்டும். இது தொடக்கக் கணக்கே. சரிபார்க்கச் சுவரைப் பிடித்தபடி வண்டியில் அமர்ந்து, பெடல் மிகத் தாழ்ந்திருக்கையில் குதிகாலை அதன்மீது வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். அதுவே வேண்டிய நிலை. புதிதாகத் தொடங்குவோரும் மூத்தோரும் கணக்கிட்ட உயரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்வாகத் தொடங்கி, பழகப் பழக உயர்த்தலாம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னே நழுவி இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றப் பழகினால் உயரத்தைப் பற்றிய அச்சம் நீங்கும்.

மூன்றாம் படி, சீட்டின் முன்பின் நிலையும் சாய்வும். இரு கிராங்குகளும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது பெடலின் அச்சுக்கு நேராக விழ வேண்டும். வெகுதூரம் விலகினால் சீட்டை முன்னோ பின்னோ நகர்த்துக. சீட்டின் மேற்பரப்பு சமமாக இருத்தல் வேண்டும். முனை தெளிவாகக் கீழ்நோக்கிச் சாய்ந்தால் உடல் முன்னே வழுக்கும். அதனைத் தடுக்கக் கைகள் ஓயாமல் முட்டுக்கொடுக்கும். சேலையூர் அன்பரின் வண்டியில் நாங்கள் கண்ட முதற்குறை இதுவே.

நான்காம் படி, ஹேண்டில்பார். பந்தய வீரரின் தாழ்ந்த நிலை நமக்குத் தேவையில்லை. தொடக்கத்தில் ஹேண்டில்பார் சீட்டின் உயரத்திற்குச் சமமாகவோ, ஓரிரு சென்டிமீட்டர் தாழ்வாகவோ இருந்தால் போதும். பிரேக் லீவரின் மேற்பகுதியில் கை வைத்தால் முழங்கை சற்றே மடங்கி, தோள் தளர்ந்து, மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கடையில் குட்டையான ஸ்டெம் பொருத்தித் தருவார்கள். ஸ்டெம்முக்குக் கீழுள்ள வளையங்களைக் கொண்டு உயரத்தை மாற்றலாம். ஆகவே அக்குழாயை உடனே வெட்டிக் குறைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் கூறிவிடுக.

ஐந்தாம் படி, டயரும் பிரேக்கும். நம் புறநகர்ச் சாலைகளுக்கு 28 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள டயர் ஏற்றது. கல்லாகக் காற்றடித்த டயர், சாலையின் ஒவ்வோர் அதிர்வையும் கைக்கும் முதுகுக்கும் கடத்தும். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு இந்த அகல டயரில் ஏறத்தாழ 70 முதல் 80 பி.எஸ்.ஐ. போதும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவை ஒருபோதும் தாண்டக் கூடாது. வாரம் ஒருமுறையேனும் காற்றைப் பார்க்க வேண்டும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். தெருமுனைக் கடையின் பம்பு அதற்குப் பொருந்தாது. வாங்கும்போதே அதற்குரிய பம்பையும் வாங்கிக்கொள்க. எந்த லீவர் முன் பிரேக், எது பின் பிரேக் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஓட்டத் தொடங்குமுன் அதனை அறிந்துகொள்ளாவிடில், அவசரத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தித் தலைகுப்புற விழ நேரும்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக; அதுவும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பழைய நிலையை ஒட்டு நாடாவால் குறித்து வைத்து, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்தபின் அடுத்த மாற்றத்தைச் செய்க. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்பது தெரியாமற் போகும்.

வலி எங்கே, காரணம் எங்கே

முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட்டு தாழ்வாகவோ மிகவும் முன்னாலோ இருக்கலாம்; கடினமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதும் காரணமாகும். முழங்காலின் பின்புறம் வலித்தாலோ, ஓட்டும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ சீட்டு உயரம் அதிகம். கழுத்தும் தோளும் வலித்தால் ஹேண்டில்பார் தொலைவிலோ தாழ்விலோ இருக்கிறது. கீழ்முதுகு வலித்தால் அதே காரணத்தோடு, வயிற்றுத் தசைகளின் வலுக்குறைவும் சேர்ந்திருக்கும். அதற்குரிய பயிற்சியை உடலியக்க மருத்துவர் கற்றுத்தருவார்.

கூச்சத்தால் பலர் கூறாது மறைக்கும் ஒன்று உண்டு. சீட்டு அழுத்துவதால் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போதல் ஆண், பெண் இருபாலருக்கும் நேரும். அவ்விடத்து நரம்பும் இரத்தக் குழாயும் அழுத்தப்படுவதே காரணம். பஞ்சு போன்ற மெத்தைச் சீட்டு இதற்குத் தீர்வன்று. அது உள்ளே அமுங்கி நடுப்பகுதியை மேலும் அழுத்தும். அமரும் எலும்புகள் இரண்டையும் தாங்கும் அகலமும் நடுவே பள்ளமும் உள்ள சீட்டே ஏற்றது. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை சில நொடிகள் பெடல்மீது எழுந்து நிற்க வேண்டும். மெத்தை வைத்த மிதிவண்டி அரைக்காற்சட்டையை உள்ளாடையின்றி அணிய வேண்டும்; உள்ளாடையின் தையல் தோலை உராயும். இவற்றின் பின்னும் மரப்பு நீடித்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தயங்காது கூறுக.

விரல் மரப்பு: வண்டியாலா, நோயாலா?

மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக ஒரு நரம்பு செல்கிறது. உள்ளங்கையின் அப்பகுதியை ஊன்றி எடையைத் தாங்கினால் அந்த நரம்பு நசுங்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரக்கும். மணிக்கட்டை வளைத்துப் பிடித்தால் நடுவிலுள்ள மற்றொரு நரம்பு அழுத்தப்பட்டு, கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியன மரக்கும். இவ்விரண்டும் பொதுவாக ஓட்டும்போது தோன்றி, ஓய்வில் குறையும். சீட்டைச் சமப்படுத்துதல், ஹேண்டில்பாரை உயர்த்துதல், மெத்தை வைத்த கையுறை அணிதல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுதல் ஆகியவை இதற்கு மருந்து.

சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் தொடங்கி மெல்ல மேலேறும். வண்டியை நிறுத்தியதால் ஓரிரு வாரத்தில் மறையாது. கழுத்தெலும்புத் தேய்வினால் வரும் மரப்பு, கழுத்திலிருந்து கைவழியே வலியுடன் இறங்கும். எதுவாயினும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, விரலின் வலு குறைந்து சட்டைப் பொத்தானைப் போட இயலாமற் போனாலோ மருத்துவரிடம் வர வேண்டும். ஒருபக்கக் கைகால் திடீரென வலுவிழத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அப்போது காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

முதல் எட்டு வாரங்கள்

உலக சுகாதார அமைப்பு, வயது வந்தோருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பை 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. அந்த இலக்கை முதல் வாரத்திலேயே எட்ட முயல வேண்டாம். முதல் இரு வாரம், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம். மூன்றாம், நான்காம் வாரங்களில் 30 நிமிடம். ஐந்தாம் வாரத்தில் நான்காவது நாளைச் சேர்க்கலாம். எட்டாம் வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் என்றால் 160 நிமிடம் ஆகிவிடும். இலேசான கியரில் நிமிடத்திற்கு 70 முதல் 80 சுற்று மிதிப்பது முழங்காலுக்கு நல்லது. ஓட்டும்போது ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு இடையில் அறுந்தால் குறைக்க வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல் இந்தப் பேச்சுச் சோதனையையே நம்புக.

ஜி.எஸ்.டி. சாலையும் வேளச்சேரி சாலையும் புதியவருக்கு உரியவை அல்ல. பேருந்தும் லாரியும் ஓடும் அவ்வழிகளைத் தவிர்த்து, வீட்டைச் சுற்றியுள்ள உட்தெருக்களில் இரண்டு கிலோமீட்டர் வட்டம் ஒன்றைத் தேர்ந்துகொள்க. வார இறுதி விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகச் செல்லும் மிதிவண்டியாளரைக் கண்டு ஆவல் எழுவது இயல்பே. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அங்கே செல்வதே ஒரு நெடும்பயணம். அதனை மூன்றாம் மாதத்திற்கு ஒத்திவைக்கலாம். பாதத்தைப் பெடலோடு பூட்டும் காலணியும் அவ்வாறே பின்னர் வரட்டும். தலைக்கவசமும் பின்புறச் சிவப்பு விளக்கும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். வடகிழக்குப் பருவமழையின்போது முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் தேங்கிய நீருக்கடியில் பள்ளம் தெரியாது. அந்நாட்களில் வண்டிக்கு ஓய்வு கொடுப்பதே அறிவுடைமை.

வெயில், நீர், சர்க்கரை

கோடையில் விடிந்ததும் புறப்பட்டு ஏழரை மணிக்குள் திரும்பிவிடுதல் நன்று. ஒரு மணி நேர ஓட்டத்திற்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீரைச் சிறுகச் சிறுகப் பருகலாம். இதய அல்லது சிறுநீரக நோயால் நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் தம் மருத்துவர் கூறிய அளவையே பின்பற்ற வேண்டும்.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ பயன்படுத்துவோர் புறப்படுமுன் அளந்து பார்க்க வேண்டும். 100க்குக் கீழ் இருந்தால் சிறிது உண்டபின்னரே செல்லலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் தோன்றினால் உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஆகவே குளுக்கோஸ் பொட்டலமும், பெயர், நோய், மருந்து, வீட்டாரின் எண் எழுதிய அட்டையும் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். திரும்பியதும் காலணியைக் கழற்றிப் பாதங்களைப் பார்க்க வேண்டும். உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது.

ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, கண் இருளல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே இறங்கி, அமர்ந்து, 108ஐ அழைக்க வேண்டும். "வீடுவரை ஓட்டிவிடுவோம்" என்று எண்ணக் கூடாது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

ஓட்டுபவர் தம்மைத் தாமே பார்க்க இயலாது. நீங்கள் பார்க்க முடியும். பக்கவாட்டில் நின்று அரை நிமிடமும், பின்னால் நின்று அரை நிமிடமும் கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை விறைத்திருக்கிறதா, இடுப்பு ஆடுகிறதா, முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறதா என்று கவனியுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அதனையும், எந்த நாள் எவ்வளவு நேரம் ஓட்டினார், எங்கே வலித்தது என்று எழுதிய குறிப்பையும் கொண்டுவாருங்கள். ஓட்டுவதை அவர் திடீரென நிறுத்திவிட்டால் "சோம்பல்" என்று கடிந்துகொள்ளாமல், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.

சேலையூர் அன்பரின் சீட்டு முனையைச் சமப்படுத்தினோம்; ஹேண்டில்பார் இரண்டு வளையம் உயர்ந்தது; ஸ்டெம் குட்டையாயிற்று. கால்மணி நேர வேலைதான். அவர் மீண்டும் இருபது நிமிடத்திலிருந்து தொடங்கினார். விரல்கள் மரக்கவில்லை. அவரது சர்க்கரை அளவு இறங்கச் சில மாதங்கள் ஆயின. இழந்த மூன்று மாதங்களை எவராலும் திருப்பித் தர இயலவில்லை. இப்போது நாங்கள் "சைக்கிள் ஓட்டவும்" என்று எழுதும்போது, எந்த வண்டி, சீட்டு எவ்வளவு உயரம், எங்கேனும் வலிக்கிறதா என்று மூன்று கேள்விகளையும் கேட்கிறோம். நாங்கள் கேட்க மறந்தால் நீங்களே கூறுங்கள்.